அம்மம்மாவுக்குக் காப்பீட்டு அட்டை வாங்கிய கதை

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் நான் தன்னார்வலர். வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்து, தேவைப்பட்டவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது என் வேலை. என் பகுதியில் ஊத்தங்கரைப் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றும் வருகிறது. அங்கே ஒரு மூதாட்டிக்கு இதய சிகிச்சை கிடைக்க நாங்கள் அலைந்த வழியை எழுதி வைத்தால் மற்ற குடும்பங்களுக்கு உதவும் என்று முகாம் பெண்கள் சொன்னார்கள். அவர் பெயர் வேண்டாம். நான் கூப்பிடுகிறபடி அம்மம்மா என்றே எழுதுகிறேன்.

1990-இல் படகேறி வந்தவர். இராமேசுவரம் அருகே மண்டபம் முகாமில் பதிவு முடித்து இங்கே அனுப்பப்பட்டவர். அவருக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் வரவே இல்லை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்றால் "ஓம் பிள்ளை" என்பார். அட்டையைப் பிரித்து எண்ணினால் கணக்கும் சரியாகவே இருக்கும். சாப்பாட்டை விசாரித்தேன். உப்பு மிகுந்த கருவாடும் சம்பலும் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அதை அடியோடு நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த வயதில் ஊரின் ருசி ஒன்றுதான் அவர் கையில் மிச்சம். வாரத்தில் ஒருநாள் கருவாடு என்று பேசி முடித்தோம். எங்கள் பக்கத்துக் களி அவருக்குப் பிடிக்கவில்லை. அதே ராகி மாவில் மருமகள் புட்டு அவித்துக் கொடுத்ததும் விரும்பிச் சாப்பிட்டார்.

ஒருநாள் தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். "நித்திரை எங்கே வருகிறது பிள்ளை, விடியும்வரை கதவைத்தான் பார்த்துக்கொண்டு கிடப்பேன்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. தானாகச் சொல்லத் தோன்றினால் சொல்வார், அப்போது உட்கார்ந்து கேட்க வேண்டும். தோண்டித் துருவும் உரிமை யாருக்கும் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

தண்ணீர்க் குடம் தூக்கினால் நெஞ்சை அடைக்கிறது என்று அவர் சொன்ன அன்றே சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்தார்கள். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். எக்கோ பார்த்த மருத்துவர், ஆஞ்சியோ (இதய இரத்தக் குழாயைப் படமெடுத்துப் பார்ப்பது) செய்ய வேண்டும், அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைக்க வேண்டும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு வாருங்கள் என்றார்.

அட்டை இல்லை. வாங்கப் போன இடத்தில், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். மற்ற குடும்பங்களுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. முகாமில் பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களுக்கு அந்த வரம்பே கிடையாது. கவுன்டரில் இருந்தவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. அங்கேயே நின்று திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993-ஐ அழைத்து, அவரையே பேசச் சொன்னேன். அதன்பிறகு மரியாதையாகவே நடந்துகொண்டார்.

அடுத்த முடிச்சு பெயரில். முகாம் குடும்ப அட்டையில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து, ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து. கணவர் இறந்து ஆண்டுகள் பல ஆகியும் அட்டையில் குடும்பத் தலைவர் அவர்தான். இறப்புச் சான்றிதழ் நகல், இரண்டு பெயரும் ஒருவரே என்று முகாம் வருவாய் ஆய்வாளர் தந்த கடிதம், இவற்றோடு திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தோம். பெயரைத் திருத்தி வாங்க நாளாயிற்று. நெஞ்சுவலிக்காரரை வைத்துக்கொண்டு முதலெழுத்துக்காகக் காத்திருந்த அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அட்டையைவிட அவரை அதிகம் வாட்டியது கேள்விகள்தான். ஒவ்வொரு கவுன்டரிலும், ஸ்கேன் அறை வாசலிலும், "எப்போது வந்தீர்கள், ஏன் வந்தீர்கள், அங்கே யார் இருக்கிறார்கள்?" வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மம்மாவும் பள்ளிப் பிள்ளை போல முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார், படகு வரை வந்ததும் குரல் நின்றுவிடும். இனி இது நடக்கக் கூடாது என்று ஒரு தாள் தயாரித்தேன். பெயர், வயது, முகாம் பதிவு எண், நோய், போடும் மாத்திரைகள், கடைசியாகப் பார்த்த அழுத்தம், உடன் இருப்பவரின் கைபேசி எண். கடைசி வரியில், 'முந்தைய வாழ்க்கை பற்றிய கேள்விகள் சிகிச்சைக்குத் தேவையென்றால் தனியறையில் கேட்க வேண்டுகிறோம்' என்று எழுதினேன். யாராவது வாய் திறக்குமுன் அதை நீட்டிவிடுவோம். இதய மருத்துவர் அதை முழுதாகப் படித்தார். நிமிர்ந்து, "மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா அம்மா?" என்று மட்டும் கேட்டார். அம்மம்மா நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார்.

உள்நோயாளியாகச் சேர்க்கும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. மாதந்தோறும் முகாமில் 'செக்கிங்' நடக்கும், அதாவது ஆட்கள் இருக்கிறார்களா என்று சரிபார்ப்பார்கள். அன்று ஆள் இல்லாவிட்டால் அரசு மாதந்தோறும் தரும் உதவித்தொகையான பணக்கொடை நின்றுவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. 2021-இல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 ரூபாய். வெளியில் இருப்பவர்களுக்கு இது சிறு தொகையாகத் தெரியலாம். மகன் ஓசூரில் பெயிண்டிங் வேலைக்குப் போய் அன்றாடம் சம்பாதிப்பவர். வேலை இல்லாத மாதம் வீடு இதில்தான் ஓடும். அதனால் அம்மம்மாவும் துணைக்குப் போகும் மருமகளும் எந்த மருத்துவமனையில் இருப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொண்டோம். இந்த நகலைத் தவற விடாதீர்கள். அது கையில் இருந்ததால்தான் மருமகள் பதறாமல் படுக்கையருகே இருந்தார்.

ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். சிகிச்சைக்குப் பணம் கட்டவில்லை. போக்குவரத்துக்கும் துணையிருந்தவர் சாப்பாட்டுக்கும் கடன் வாங்கத்தான் வேண்டியிருந்தது.

தூக்கத்துக்கு, அரசு மருத்துவமனைக்குக் குறிப்பிட்ட நாளில் வரும் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கதவைத் திறந்தே வைக்கலாமா என்று செவிலியரிடம் முன்பே கேட்டுக்கொண்டேன். வைத்தார். மெதுவாகப் பலன் தெரிகிறது.

இப்போது முகாம் பெண்களோடு சேர்ந்து ஒவ்வொரு வீட்டின் ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து வருகிறோம். குடும்பத் தலைவர் இறந்தும் பெயர் மாறாத அட்டைகளையும், முதலெழுத்து ஒத்துப்போகாத ஆதாரையும் முதலில் எடுத்திருக்கிறோம். காப்பீட்டு அட்டையே இல்லாத வீடுகளும் இருக்கின்றன. யாருக்கும் நோய் வரும்வரை காத்திராமல், வருகிற திங்கட்கிழமையே அவர்களுடைய மனுக்களோடு ஆட்சியர் அலுவலகம் போகிறோம்.