தோட்டா உறை கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்

துப்பாக்கிச் சூடு நடந்த இடத்தை ஆராயும் பயிற்சிக்காக ஜோடித்து வைத்திருந்த ஒரு அறையில் முதல் நாளே நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. தரையில் மூன்று தோட்டா உறைகள், அதாவது சுட்டதும் துப்பாக்கியிலிருந்து வெளியே விழும் வெற்று உலோகக் கூடுகள். நான் பார்த்தது இரண்டு. மூன்றாவதை என் ஷூ தட்டிவிட்டு, அது உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. பயிற்சியாளர் திட்டவில்லை, "சரி, இப்போ சுட்டவர் எங்கே நின்றார்னு சொல்லு" என்று மட்டும் கேட்டார்.

துப்பாக்கிச் சூடு நடந்த இடத்தில் அடிபட்டவரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, அதில் மறுபேச்சே இல்லை. அப்புறம் எதையும் தொடாமல் முழு இடத்தையும் படமெடுத்து, பிறகு கிட்டே போய், கடைசியில் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பொருளையும் படமெடுத்து, தூரங்களை அளந்து குறிக்கும்வரை ஒரு உறைகூட நகரக் கூடாது. அப்படியும் உறை கிடக்கும் இடத்தை வைத்து மட்டும் சுட்டவர் நின்ற இடத்தை முடிவு செய்ய முடியாது. சுவரில் பட்டுத் தெறிக்கும், உருளும், என்னைப் போல யாராவது மிதிப்பார்கள்.

ஆனால் அந்தச் சின்ன உலோகத் துண்டு சொல்லும் கதை பெரியது. சுடும் ஊசி குத்திய குழி, துப்பாக்கியின் பின்தகட்டில் உறை அழுந்தியதால் விழுந்த தடம், வெளியே இழுத்த கொக்கியின் கீறல் எல்லாம் அதில் பதிந்திருக்கும். 1929 பிப்ரவரியில் சிகாகோவில் ஒரு கராஜில் ஏழு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். வந்தவர்களில் சிலர் போலீஸ் உடையில் இருந்ததால் சந்தேகம் போலீஸ் மேலேயே விழுந்தது. துப்பாக்கித் தடய நிபுணர் கால்வின் கோடார்ட் அங்கே கிடைத்த உறைகளை, போலீஸ் வைத்திருந்த தாம்சன் இயந்திரத் துப்பாக்கிகளில் சுட்டுப் பார்த்த உறைகளோடு, இரண்டு பொருள்களை அருகருகே காட்டும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. அதே வருடக் கடைசியில் மிச்சிகனில் ஒரு வீட்டில் சிக்கிய இரண்டு தாம்சன்கள் பொருந்தின. உறைகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்ததால்தான் இது நடந்தது.

ரிவால்வர் என்றால் உறை வெளியே விழாது, உருளைக்குள்ளேயே இருக்கும், உருளையின் எந்தத் துளையில் எது இருந்தது என்று குறித்த பிறகே எடுக்க வேண்டும். துப்பாக்கியைத் தூக்க குழலுக்குள் பேனாவை நுழைப்பது எனக்குப் பார்க்கவே பதறும் காரியம், உள்ளே இருக்கும் ரத்தத் துளியோ நாரோ அதோடு போய்விடும். சுவரில் புதைந்த குண்டைக் கத்தியால் நோண்டினாலும் இதே கதிதான், குழலின் வரிகள் பதிந்த பக்கம் கீறிவிடும். முடிந்தால் சுற்றியுள்ள சுவர்த் துண்டையே வெட்டி எடுக்க வேண்டும்.

சுடும்போது கையில் படியும் ஈயம், பேரியம், ஆன்டிமனித் துகள்களுக்கு நேரமே எதிரி. கை கழுவினால், பாக்கெட்டில் விட்டால், சில மணி நேரம் போனால் உதிர்ந்துவிடும். அதனால் இறந்தவரின் கைகளுக்குக் காகிதப் பைதான் கட்டுவார்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் கோத்துக் கெடுத்துவிடும்.

மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள் என்பதைச் சொல்வது பெரும்பாலும் சட்டையில் குண்டு போன ஓட்டையைச் சுற்றியிருக்கும் கரியும் துகளும்தான். அவசரத்தில் துணியைக் கிழிக்கத்தான் வேண்டியிருக்கும், புரிகிறது. முடிந்தவரை கத்தரிக்கோலை அந்த ஓட்டையை விட்டுத் தள்ளி ஓட்டுங்கள், துணியை உதறாமல் ஒரு காகிதப் பையில் போட்டு வையுங்கள்.