மூன்று வழிகள் கூடும் இடம்

மார்ச் 3, செவ்வாய்

அண்ணன் மகளுக்கு அடுத்த வாரம் இலக்கியத் தேர்வு. "சித்தப்பா, ஈடிபஸை வீழ்த்துன குறை என்னன்னு ஒரே வரியில சொல்லுங்க" என்று போன். அவளுடைய நோட்ஸில் 'கர்வம்' என்று இருக்கிறதாம். முப்பது வருடத்துக்கு முன்னால் நானும் அதை எழுதித்தான் பாஸானேன். "அதையே எழுதும்மா" என்று வைத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. ராத்திரி பரணிலிருந்து, ஈடிபஸ் அரசனின் வீழ்ச்சியை நாடகமாக எழுதிய பழைய கிரேக்கர் சோஃபக்ளீஸின் புத்தகத்தை இறக்கினேன். அட்டை இல்லை, மற்றபடி சேதாரம் இல்லை.

மார்ச் 4, புதன்

முதலில் அரிஸ்டாட்டில். 'கவிதையியல்' 13ஆம் அத்தியாயம். துன்பியல் நாடகத்தின் நாயகனாக மகா உத்தமனும் வேண்டாம், அயோக்கியனும் வேண்டாம். நடுவில் ஒருவன், பேரும் புகழுமாக வாழ்ந்தவன், தீய குணத்தால் அல்லாமல் ஒரு 'ஹமார்த்தியா'வால் விழவேண்டும் என்கிறார். உதாரணமே ஈடிபஸ்தான். இந்தச் சொல்லின் வினைவடிவம் ஹோமரில் எறிந்த ஈட்டி குறி தப்புவதற்கு வருகிறது. குறி தப்பினால் அது குணக்கேடா? இந்தச் சொல்லைக் 'குறை' என்று எழுதியதிலேயே பாதி தப்பு நடந்துவிட்டது என்று தோன்றுகிறது.

மார்ச் 7, சனி

காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் நாடகத்தை முடித்துவிட்டேன். கோபக்காரன்தான், மறுக்கவில்லை. குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸிடம் அவன் கத்துவதைப் பார்த்தால் நமக்கே கூசும். ஆனால் அவனை வீழ்த்தியது கோபமா?

முன்னாள் அரசன் லாயஸைக் கொன்றது யார் என்று ஈடிபஸ் தேடிக்கொண்டிருக்கிறான். லாயஸின் விதவையும் இப்போது ஈடிபஸின் மனைவியுமான யொகாஸ்டா, மூன்று வழிகள் கூடும் இடத்தில் கொள்ளையர்கள் கொன்றார்கள் என்று சொல்கிறாள். ஈடிபஸுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதே மாதிரி இடத்தில் அவன் ஒரு கிழவரை, கூட வந்தவர்களோடு, அடித்துக் கொன்றிருக்கிறான். ஒரே நம்பிக்கை அந்தப் பன்மை. கொன்றது பலர் என்றால் நான் இல்லை, ஒருவன் பலராக முடியாது என்கிறான். தப்பிப் பிழைத்த ஒரே வேலைக்காரனைக் கூப்பிடச் சொல்கிறான், இதைக் கேட்கத்தான்.

அவன் வருகிறான். அந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை! அதற்குள் கொரிந்துவிலிருந்து வந்த தூதன் வேறொரு மூட்டையை அவிழ்த்துவிட்டான். குழந்தையாக, கணுக்கால் துளைக்கப்பட்ட ஈடிபஸைத் தன் கையில் கொடுத்தது இதே வேலைக்காரன்தான் என்று. ஈடிபஸ் தானும் லாயஸும் பெற்ற மகன் என்று யொகாஸ்டாவுக்குப் புரிந்துவிட்டது, "தேடாதே" என்று கெஞ்சிவிட்டு உள்ளே போகிறாள். சொல்லக்கூடாததைச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன் என்று அந்த வேலைக்காரக் கிழவன் நடுங்குகிறான். நானும் கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டேன், ஆனாலும் கேட்டே தீரவேண்டும் என்கிறான் ஈடிபஸ்.

இங்கே புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஸ்பிங்ஸ் என்ற அரக்கியின் விடுகதையை அவிழ்த்து தீப்ஸ் நகரைக் காப்பாற்றியதும் இந்தப் பிடிவாதம்தான். விடை கிடைக்காமல் விடமாட்டான். எது அவனை அரசனாக்கியதோ அதுவே அவனை இழுத்துக்கொண்டு போகிறது. இதைக் குறை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஒரு சின்ன ஆறுதல். இந்த நாடகம் இடம்பெற்ற போட்டியில் சோஃபக்ளீஸுக்கு முதல் பரிசு கிடைக்கவில்லை, ஃபிலோக்ளீஸ் என்பவரிடம் தோற்றார் என்று பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது. அந்த ஃபிலோக்ளீஸின் நாடகம் ஒன்றுகூட இன்று முழுதாக இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

தேர்வு முடிந்தது. 'கர்வம்' என்றே எழுதினாளாம், மார்க் முக்கியம். தப்பில்லை. ஆனால் நான் சனிக்கிழமை அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டிருக்கிறாள். "அந்த வேலைக்காரர் ஏன் சித்தப்பா கொள்ளையர்கள்னு பன்மையில சொன்னார்? செஞ்சது ஒரே ஆள்தானே?"

அவன் உயிர் பிழைத்து ஊர் திரும்பியபோது அரியணையில் ஈடிபஸ் உட்கார்ந்திருந்தான். உடனே வேலைக்காரன் யொகாஸ்டாவின் கையைத் தொட்டு, இந்த ஊரே கண்ணில் படாத தூரத்தில் ஆடு மேய்க்க அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டான். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.