மிதக்கும் கல்லுக்கு ஒரு தராசு

ராமேஸ்வரத்தில் ராமர் பாலத்துக் கல் என்று சொல்லி, தொட்டியில் மிதக்கவிட்டுக் காட்டும் கல்லைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, "இது என்ன கல்?" ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, பவளமாக இருக்கலாம். நுரைக்காவிட்டால் எரிமலை நுரைக்கல்லா என்று பார்க்கலாம்.

அடுத்தது எடை. காய்ந்த கல் 600 கிராம், கன அளவு 800 மில்லி என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி மில்லிக்கு 0.75 கிராம். கடல்நீருக்குச் சுமார் 1.025. மிதக்காமல் என்ன செய்யும்? பலர் சறுக்குவது கன அளவில்தான். கல்லை அப்படியே முக்கினால் துளைகளில் தண்ணீர் புகுந்து அளவு குறைத்துக் காட்டும். மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றி, முழுக்க அமுக்கி, வழியும் நீரை அளக்க வேண்டும்.

பவளச் சுண்ணாம்பின் அடர்த்தி தண்ணீரைப்போல் கிட்டத்தட்ட 3 மடங்கு. தூக்கிப் பிடிப்பது உள்ளே சிக்கிய காற்று. நீர் ஊறி அது வெளியேறினால் கல் மூழ்கும். சக்தி போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

"இங்கே எரிமலையே இல்லையே?" 1883-ல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை கக்கிய நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரைவரை மிதந்தன.

மிதப்பது அடர்த்தியைச் சொல்லும். யார் போட்ட கல் என்பதைச் சொல்லாது. அது வேறு கேள்வி, வேறு சான்று.

சோதனைக்கென்று கரையில் பவளம் பொறுக்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.