அல்சூர் ஏரியில் விடியலுக்குச் சற்று முன்

பெங்களூரில் அல்சூர் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு அந்த ஏரி காலை நடைக்கான இடம். தண்ணீர், அதைச் சுற்றிய கம்பிவேலி, இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும் நீர்க்காகம் என்ற அளவில்தான் நானும் அதை அறிந்திருந்தேன். 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் வெள்ளை வயிறு தெரியச் செத்து மிதந்தபோது, யாரோ நஞ்சு கலந்துவிட்டதாகவே முதலில் எண்ணினேன். கழிவுநீர் கலந்ததும் ஆக்சிஜன் குறைந்ததும்தான் காரணமாகப் பேசப்பட்டன. கழிவுநீர் மீனின் மூச்சை எப்படி நிறுத்தும் என்பது எனக்கு விளங்கப் பல நாள் ஆயிற்று.

பள்ளிப் பாடத்தில் உற்பத்தியாளர், நுகர்வோர், செத்ததை மக்கவைக்கும் சிதைப்பவை என்று மூன்றையும் சொல்லி, மூன்றாவதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். என் பார்வையில், அந்த மூன்றாவதுதான் ஏரியின் கணக்குப்பிள்ளை. 1935இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி 'சூழல் மண்டலம்' என்ற கருத்தை முன்வைத்தபோது, உயிர்களோடு வெயிலையும் நீரையும் மண்ணையும் சேர்த்து ஒரே அமைப்பாகவே பார்த்தார். 1942இல் வெளியான சூழலியலாளர் ரேமண்ட் லிண்டமனின் ஆய்வு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துச் சிறு ஏரியொன்றில் ஆற்றல் பாசியிலிருந்து அதைத் தின்பவைக்கும், அவற்றைத் தின்பவைக்குமாகப் படிப்படியாக மேலேறுவதைக் கணக்கிட்டது. பொதுவாக ஒரு படியில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே அடுத்த படிக்குச் சேர்கிறது. அதனால்தான் ஏரி முழுக்கப் பாசி இருந்தும் நீர்க்காகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எஞ்சியதில் பெரும்பங்கு வெப்பமாகப் போய்விட, செத்ததும் கழிந்ததும் அடிச்சேற்றிலுள்ள பாக்டீரியாக்களிடம் வந்துசேர்கின்றன.

அவையும் மூச்சுவிடுகின்றன என்பதில்தான் சிக்கல். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏறக்குறைய ஏழரையாகிவிடும். கோடை தொடங்கும் மார்ச்சில், ஏற்கெனவே சுருங்கிய அந்த இருப்பின் மீது சாக்கடை நீர் வந்து விழுந்தால், அதைச் செரிக்கப் பாக்டீரியாக்கள் பெருகி ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்க்கின்றன. பகலில் ஆக்சிஜன் தரும் பாசியும் இரவில் அதையே செலவழிப்பதால், விடியலுக்குச் சற்று முன்புதான் இருப்பு மிகக் குறைவு. அந்த நேரத்தில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயை வட்டமாகத் திறந்து திறந்து மூடுவதை, இரை கேட்கின்றன என்று நினைத்துப் பொரி போட்டவர்களில் நானும் ஒருவன். அந்தப் பொரியும் பாக்டீரியாவுக்குத்தான் போயிருக்கும்.

கரையொதுங்கிய ஆகாயத்தாமரையின் உப்பிய காம்பு ஒன்றை ஒருநாள் ஒடித்துப் பார்த்தேன்; உள்ளே பஞ்சு போன்ற காற்றறைகள். சாக்கடை கொண்டுவரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்று கொழுக்கும் செடி அது. அதை வாரி வெளியேற்றினால் அந்தச் சத்தும் ஏரியை விட்டுப் போய்விடும். கரையிலேயே குவித்துவைத்தால், அழுகி வடியும் கருஞ்சாறு மீண்டும் அதே நீரில் இறங்கிப் பாக்டீரியாவுக்கு அடுத்த வேளைச் சாப்பாடாகிவிடும்.