29 மணி நேரத்துக்கு 435 டாலர்

கலிஃபோர்னியாவில் மகளைச் சார்ட்டர் பள்ளியில், அதாவது அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பொதுப் பள்ளியில், சேர்த்த அன்றே ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் வருஷத்துக்கு 40 மணி நேரம் பள்ளியில் வந்து உதவ வேண்டும்; குறைகிற ஒவ்வொரு மணிக்கும் 15 டாலர். எனக்கு மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட். மே மாதம் பார்த்தால் தாளில் 11 மணி நேரத்துக்குத்தான் கையெழுத்து. மீதிக்கு 435 டாலர் கட்டாவிட்டால் அடுத்த வருஷம் இடம் உறுதியில்லை என்றார்கள்.

"மாநிலச் சட்டமெல்லாம் சார்ட்டருக்குக் கிடையாதும்மா, கட்டிடு" என்றார் அதே பள்ளியில் பேரனைப் படிக்க வைக்கும் ஒரு அக்கா. அவர் தவணை முறையில் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அவர் சொன்னதில் பாதி சரி. கல்விச் சட்டத்தின் 47610-வது பிரிவு, பள்ளி மாவட்டங்களுக்கான பெரும்பாலான விதிகளிலிருந்து சார்ட்டர் பள்ளிகளுக்கு விலக்கு தருகிறது. ஆனால் எந்தப் பிரிவில் 'சார்ட்டர் பள்ளி' என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறதோ, அது அவற்றுக்கும் பொருந்தும். அதனால் நான் அந்தச் சொல்லைத்தான் தேடினேன். 49011-ல் கிடைத்தது: மாணவரிடம் கல்விக்குக் கட்டணம் வாங்கக் கூடாது, சார்ட்டர் பள்ளி உட்பட. 47605 இன்னும் தெளிவு. பெற்றோர் உதவுவது சேர்க்கைக்கோ தொடர்ந்து படிப்பதற்கோ நிபந்தனை இல்லை. அதைப் பள்ளியே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்.

முதலில் பள்ளி முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. அப்புறம்தான் முறைப்படியான புகார். ஒரே பக்கம்: நடந்தது, பிரிவு எண்கள், தாளின் புகைப்படம். கட்டணப் புகாரை ஒரு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பள்ளி 60 நாளில் எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். அது திருப்தியில்லை என்றால் மாநிலக் கல்வித் துறைக்கு மேல்முறையீடு செய்யலாம்.

காத்திருந்த நாட்களில் பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கும் போனேன். 2020 முதல் திறந்த கூட்டங்களுக்கான பிரௌன் சட்டம் சார்ட்டர் பள்ளிகளுக்கும் உண்டு. நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும், பொதுமக்களைப் பேசவும் விட வேண்டும். கை நடுங்க, எழுதி வைத்ததைப் படித்தேன். பின்வரிசையில் இன்னும் மூன்று அம்மாக்கள் எழுந்து நின்றார்கள்.

ஏழு வாரத்தில் கடிதம் வந்தது. கட்டணம் ரத்து. அதோடு, புகார் கொடுத்தவருக்கு மட்டுமில்லாமல் பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் பணம் திரும்பக் கிடைக்கப் பள்ளி முயற்சி எடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆகஸ்டில் பள்ளி வாசலில் அந்த அக்கா என்னைக் கூப்பிட்டு, பையிலிருந்து நான்காக மடித்த செக்கை எடுத்துக் காட்டினார்.