இடது முஷ்டி

பிப்ரவரி 11

இடது கையால் தட்டச்சு. பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 12

அலமாரியில் ஆப்டிமஸ் பிரைம் மட்டும் பதினேழு. லாரியாக உருமாறும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை ரோபோ. எண்ணிப் பார்க்க இப்போதுதான் நேரம் வாய்த்திருக்கிறது. சின்ன வயதில் பக்கத்து வீட்டு அண்ணன் கையில் ஒரே ஒரு முறை பார்த்தேன். சிவப்பு லாரி. பக்கத்தில் நீளமாக ஏதோ மின்னியது. தொடவிடவில்லை. அதற்காகத்தான் இந்தப் பதினேழும். ஆனால் ஒன்றிலும் புகைக்குழாய் அவ்வளவு நீளமில்லை. 2002 மறுவெளியீட்டில் பாதுகாப்பு என்று சொல்லிக் குழாயைக் கட்டையாக்கியிருந்தார்கள். அதைப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

பார்சல் நகரவில்லை.

பிப்ரவரி 14

மாத்திரைக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமில்லை போல. இரண்டு மணிக்கு எழுந்து 1985 பிரதியை மடியில் வைத்துக்கொண்டேன். முன் கண்ணாடி, அதாவது ரோபோவின் நெஞ்சு, திறக்கும். உள்ளே ஆள் உட்கார இடம் இருக்கும். முதல் முறை திறந்து பார்த்தபோது குழம்பிப்போனேன். இவனே ஓர் ஆள், இவனுக்குள் யார் உட்காருவது?

இவன் பிறக்கும்போது ஆப்டிமஸ் பிரைம் இல்லை. ஜப்பானில் டகாரா என்ற பொம்மை நிறுவனம் 1980-இல் தொடங்கிய டயாக்ளோன் வரிசையில் வந்த பேட்டில் கான்வாய். அந்த உலகத்தில் ரோபோ வெறும் வண்டி. காலில் காந்தம் வைத்த, மூன்று சென்டிமீட்டர் உயரக் குட்டி மனிதன் ஏறி உட்கார்ந்து ஓட்டுவான். அமெரிக்க பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ அதே அச்சுகளை எடுத்து 1984-இல் அமெரிக்காவில் விற்றபோது ரோபோவுக்கு உயிர் கொடுத்தார்கள், பெயர் கொடுத்தார்கள் (வைத்தவர் டென்னிஸ் ஓ'நீல்), ஓட்டுநரை இறக்கிவிட்டார்கள். இருக்கையை எடுக்கவில்லை. அதற்காக அச்சைத் திருத்த யார் மெனக்கெடுவார்கள்?

நாற்பது வருடமாகக் காலியாகவே இருக்கும் இருக்கை. மூன்றரை மணி வரை திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 15

நகரவில்லை.

பிப்ரவரி 17

மாஸ்டர்பீஸ் (சுருக்கமாக எம்பி) வரிசை ஆப்டிமஸ்கள்: எம்பி-1 வந்தது 2003. எம்பி-10 வந்தது 2011. எம்பி-44 வந்தது 2019. எட்டு எட்டு வருடம். அப்படியானால் 2027?

பிப்ரவரி 18

ஒற்றைக் கையால் எம்பி-44ஐ லாரியாக்கப் பார்த்தேன். முட்டாள்தனம்தான். இரண்டு கையும் நன்றாக இருக்கும்போதே பாடாய்ப்படுத்தும் உருப்படி அது. கார்ட்டூனில் இருப்பது போலவே ரோபோ வேண்டும், லாரியும் அப்படியே வேண்டும் என்று கேட்டோம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பொய்யையெல்லாம் தகடு தகடாக மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். ஒரு தகடு மயிரிழை தூக்கிக்கொண்டு நின்றாலும் அடுத்தது உட்காராது. முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தினேன். பிளாஸ்டிக் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்ததைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அது போகாது. அழுத்தம் தாங்காமல் வெளுத்த பிளாஸ்டிக், வெளுத்ததுதான்.

அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "டேய், திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகணுமா உனக்கு?"

1985 பிரதி ஒற்றைக் கைக்கே மசிந்தது. காலை மடக்கு, கையை உள்ளே தள்ளு, தலையைச் சாய். லாரி. ஒரே தொல்லை, முஷ்டிகளை முதலில் கழற்றிவிட வேண்டும். கழற்றினால் வைக்க லாரியில் இடமே கிடையாது. பிறகு எப்படித் தொலையாமல் இருக்கும்? மாஸ்டர்பீஸில் முஷ்டி முன்கைக்குள்ளேயே போய்விடும். யாரோ ஒரு வடிவமைப்பாளர் சின்ன வயதில் முஷ்டியைத் தொலைத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 20

அக்கா பையன் 1985 பிரதியைக் காட்டிச் சொல்கிறான்: "மாமாவுக்கு வலது கை இல்ல, அவனுக்கு இடது கை இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு ஆள்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குக் கை இருக்கிறது. கட்டுக்குள் இருக்கிறது.

பிப்ரவரி 22

மேல் தட்டில் பெட்டியைக்கூடத் திறக்காமல் வைத்திருந்த ஒன்று. அக்கா பையன் பார்க்க வேண்டும் என்றான், இறக்கச் சொன்னேன். பெட்டியைச் சாய்த்ததும் உள்ளே சல்லென்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு தோள் தனியாகக் கிடக்கிறது.

தங்கத்தூள் கலந்த பிளாஸ்டிக். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வந்த சில பொம்மைகளில் இந்த வியாதி உண்டு. நாளாக ஆக மண்பாண்டம் மாதிரி ஆகிவிடும். தங்கம் மாதிரி மின்னவைக்கப் போய் வந்த வினை. தொட வேண்டாம், விளையாட வேண்டாம், பெட்டியில் பத்திரமாக இருந்தாலும் உடையும். சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். திறக்காமல் வைத்தால் என்னுடையதுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தேன்.

பையன் பயந்துவிட்டான். "நான் ஒண்ணும் பண்ணல மாமா." இல்லைடா, நீ பண்ணவில்லை என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

பிப்ரவரி 23

பேசவில்லை. அவனும், நானும்.

பிப்ரவரி 25

ரீடெகோ, அதாவது ஒரே அச்சுக்கு வேறு சாயம் அடித்து வேறு பொம்மையாக விற்பது, சோம்பேறித்தனமா, இல்லையா? 1984-இல் ஒரே எஃப்-15 போர் விமான அச்சில் மூன்று பேர்: ஸ்டார்ஸ்க்ரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப். வேறுபாடு சாயத்திலும் பெயரிலும் மட்டும். ஆனால் மூவருக்கும் குணம் வேறு என்று பெட்டிக்குப் பின்னால் எழுதியிருந்தால் நம் கண்ணுக்கு முகமும் வேறாகத் தெரிகிறது. 1995-இல் எண்ணெய் டேங்கர் லாரியாக ஓர் ஆப்டிமஸ். அதே அச்சுக்கு 2000-இல் ஜப்பானில் கறுப்பு அடித்து பிளாக் கான்வாய் என்று வில்லனாக்கினார்கள். கறுப்பு என்றால் வில்லன், அந்த யோசனைக்குச் செலவே இல்லை. சொல்ல வெட்கம்தான், பதினேழில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவன்தான்.

1988 பவர்மாஸ்டர் வேறு ஒரு ரகம். எஞ்சினாக மடங்கும் குட்டி மனிதனைச் செருகினால்தான் பூட்டுத் திறந்து உருமாறும். குட்டி தொலைந்தால் கதை முடிந்தது. என் குட்டி மாத்திரை டப்பாவில் இருக்கிறான். இன்று காலை அவசரத்தில் வாய்க்குள் போயிருப்பான்.

1990-இல் ஆக்‌ஷன் மாஸ்டர் என்று ஒன்று விட்டார்கள். உருமாறவே மாறாது. நின்றால் நின்றதுதான். அதையும் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 27

பார்சல் எங்கோ ஒரு கிடங்கில் "வரிசைப்படுத்தப்படுகிறது". ஆறாவது நாளாக. கட்டைவிரல் நகம் அளவு நீல பிளாஸ்டிக்கில் வரிசைப்படுத்த என்ன இருக்கிறது?

மார்ச் 2

வந்துவிட்டது. பல்லால் கடித்துப் பிரித்தேன்.

வலது முஷ்டி.

மார்ச் 3

"படத்தைப் பார்த்தால் இடது போலத்தான் தெரிந்தது" என்று விற்றவர் எழுதியிருக்கிறார். கண்ணாடியில் பார்த்தாரோ என்னவோ. திருப்பி அனுப்பினால் முஷ்டியைவிடத் தபாலுக்கு அதிகம் ஆகும்.

இடது மணிக்கட்டில் அதைச் செருகிப் பார்த்தேன். நுழைகிறது. கட்டைவிரல் வெளிப்பக்கம். பார்க்கச் சகிக்கவில்லை.

மார்ச் 5

கட்டுப் பிரித்தாயிற்று. கை என்று சொல்ல முடியாது. மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடையதோ போலக் கிடக்கிறது. எக்ஸ்ரேயில் இரண்டு கம்பிகள் குறுக்கே போகின்றன. பழைய பொம்மைகளின் மூட்டில் இரும்பு ஊசி அடித்திருப்பார்களே, அதே மாதிரி. டாக்டரிடம் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை.

சாயங்காலம் 1985 பிரதியை எடுத்து, மேலே ஒட்டியிருக்கும் கறுப்புச் சதுரத்தை வலது கட்டைவிரலால் தேய்த்தேன். போலி எது, அசல் எது என்று தெரிய அந்த வருடம் அதை ஒட்ட ஆரம்பித்தார்கள். சூடு பட்டால் ரோபோ முகம் எழும். நல்லவனுக்கு ஒரு முகம், கெட்டவனுக்கு வேறு முகம். தேய்த்தேன். கறுப்பாகவே இருந்தது. இன்னும் அழுத்தினேன், வலித்தது. செத்துவிட்டது, பல பிரதிகளில் இது வேலை செய்வதில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பையன் எப்போது வந்து நின்றானோ. "நான் பாக்கட்டுமா?" விரலை வைத்தான், எடுத்தான். சிவப்பு முகம். நெற்றி, கண், வாய்க்கவசம் எல்லாம் தெளிவாக. கொஞ்ச நேரத்தில் மங்கிக் கறுத்தது. மறுபடி வைத்தான்.

என் விரல் சில்லென்று இருக்கிறதாம். பிடித்துப் பார்த்துச் சொன்னான்.

மார்ச் 6

பயிற்சி. பஞ்சு உருண்டை. பத்து பத்தாக.

மார்ச் 8

மிஸ்ஸிங் லிங்க் வரிசையில் 2024-இல் வந்த கான்வாய் (ஜப்பானில் ஆப்டிமஸுக்கு அதுதான் பெயர்). பார்க்க அப்படியே 1984. ஆனால் முழங்கை மடங்கும், முழங்கால் மடங்கும். அன்று அவர்கள் செய்ய நினைத்து விட்டுப்போனதை இன்று செய்து காட்டுகிற மாதிரி. இது நினைவுக்குள் புகுந்து திருத்துகிற வேலை. பிடிக்கவில்லை. கூடையில் போட்டு வைத்திருக்கிறேன்.

பதினெட்டு. போதும், அதோடு சரி.

மார்ச் 9

புகைக்குழாய் விஷயம் மண்டையைக் குடைகிறது. எத்தனை வருடமாகப் பேசவில்லை, இருந்தாலும் அண்ணனுக்கே செய்தி அனுப்பிவிட்டேன். சிவப்பு லாரி ரோபோ வைத்திருந்தீர்களே, படம் ஏதாவது இருக்கிறதா, புகைக்குழாய் எவ்வளவு நீளம் என்று.

மார்ச் 10

பஞ்சு உருண்டை. பதிலில்லை. கம்பி எடுக்க இன்னும் மூன்று வாரம் என்கிறார்கள்.

மார்ச் 11

"தம்பி! எப்படி இருக்கே? ஞாபகம் இருக்கு, நல்லா ஞாபகம் இருக்கு. நீ வாசல்லயே நிப்ப. புகைக்குழாய் எல்லாம் இல்லையே. அது தீயணைப்பு வண்டி. மேலே ஏணி இருக்கும்."

மார்ச் 12

இன்ஃபெர்னோ. 1985. அதுவும் டயாக்ளோன் அச்சுதான்.

விலை மட்டும் பார்த்தேன்.