கரையொதுங்கிய செப்பு ஆணி யாருக்குச் சொந்தம்?

இங்கிலாந்தில் கடலடியிலோ கரையிலோ கப்பற்சிதைவின் துண்டு எது கிடைத்தாலும், கண்டெடுத்தவர் 28 நாட்களுக்குள் ‘ரிசீவர் ஆஃப் ரெக்’ எனப்படும் அதிகாரியிடம் தெரிவித்தாக வேண்டும். தவறினால் அபராதம் உண்டு. மீட்புக் கூலி கேட்கும் உரிமையும் போய்விடும். கென்ட் கடற்கரையில் ஓதம் வற்றியிருந்த வேளையில் முழங்கை நீளச் செப்பு ஆணி ஒன்று கிடைத்ததால், இந்த நடைமுறை எனக்கு அறிமுகமாயிற்று.

ஆணியின் பச்சைக் களிம்புக்கு நடுவே அம்புமுனை வடிவில் மூன்று கோடுகள் தெரிந்தன. அது பிரிட்டிஷ் அரசுடைமையின் முத்திரை. அடிப்பாகத்தில் செப்புத் தகடு வேய்ந்த போர்க்கப்பல்களில் இரும்பாணிகள் விரைவில் அரித்துப்போனதால், 1780களில் கடற்படை செம்புக் கலவை ஆணிகளுக்கு மாறியது. விற்றுவிட்ட பொருளில் முனையோடு முனை தொடும்படி இன்னோர் அம்பையும் பொறிப்பார்கள் என்பதால் அதையும் தேடினேன், தென்படவில்லை. களிம்பைச் சுரண்டாமல், உள்ளபடியே படமெடுத்து, கிடைத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையுடன் படிவத்தை அனுப்பினேன்.

பொருள் என் பொறுப்பிலேயே இருக்கலாம், உரியவர் முன்வர ஓராண்டு அவகாசம் உண்டு என்று பதில் வந்தது. அந்த அவகாசத்தின் வேர் 1275ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தில் இருக்கிறது. கப்பலிலிருந்து மனிதனோ நாயோ பூனையோ உயிருடன் தப்பியிருந்தால் அதை உரியவரற்ற சிதைவாகக் கருதக்கூடாது, சரக்கைக் காத்து வைத்து, ஓராண்டும் ஒரு நாளும் முடிவதற்குள் உரியவர் நிரூபித்துக் கேட்டால் திருப்பித் தர வேண்டும், அதன் பிறகே மன்னருக்கு உரியதாகும் என்றது அச்சட்டம். கரையொதுங்கியதெல்லாம் கிடைத்தவன் கைக்கோ மன்னன் கைக்கோ போய்விடாமல், புயலில் தப்பிய வணிகனை முதலில் நினைத்த விதி அது என்பதால் எனக்கு அதன்மீது பெருமதிப்பு உண்டு. உடைமையுரிமை காலத்தால் எளிதில் அழிவதுமில்லை: 1740இல் கென்ட் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் மூழ்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரூஸ்வைக் கப்பல் இன்றும் நெதர்லாந்து அரசுக்கே சொந்தம்.

என் ஆணி எந்தக் கப்பலுடையது என்று தெரியவரவில்லை. மீட்புக் கூலி வேண்டாமென்று படிவத்திலேயே குறித்திருந்தேன். கெடு முடிந்ததும், அதிகாரியின் இசைவுடன் கடலோர அருங்காட்சியகம் ஒன்று அதைப் பெற்றுக்கொண்டது. ஆணியைக் கையில் வாங்குமுன் அங்கிருந்தவர் கேட்டது, அது கிடந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைத்தான்.